சாக்குருவிப் பெட்டி

'ஸ்ஸ்ர்ர்' என்று நீளமாக இழுத்து, முடியும் இடத்தில் லேசாக விசிலடித்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடியும் தொடங்கும் ஒரு சத்தம். காலிச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்கினேன். அது என் அம்மாவின் மூச்சு. எங்கள் வீட்டில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர். மழை பிடித்துக்கொண்டால் இழுப்பு கூடும், வெயில் அடித்தால் குறையும், ஒரேயடியாக நின்று நான் கேட்டதில்லை. இடையில் விழிப்பு வந்தால் கையை நீட்டி அம்மாவைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை. சத்தம் கேட்டால் அம்மா இருக்கிறாள் என்று அர்த்தம், அவ்வளவுதான், திரும்பிப் படுத்துவிடுவேன்.

கோலா பிலாவுக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து பிரிந்து, செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம் வரும். நான் பிறப்பதற்கு முன்பே ரப்பர் மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுவிட்டார்கள். ஆனாலும் மனிதர்களின் வாயிலிருந்து பழைய சொற்கள் போகவில்லை. வேலைக்காட்டுக்கு 'தீம்பார்' என்றும், காலையில் ஆள் சேர்த்துப் பெயர் கூப்பிடுவதற்குப் 'பெரட்டு' என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரம் மாறியதைவிடப் பெரிய மாற்றம், ஆட்கள் போனது. ஒவ்வொரு குடும்பமாகச் சட்டி பானையை லோரியில் ஏற்றிக்கொண்டு சிரம்பான், பாரோய், தம்பின் என்று கிளம்பிவிட்டார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு லயம் என்று பெயர். எங்கள் லயத்தில் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் ராசம்மா பெரியம்மாவும் அவர் கணவரும். நடுவில் இருந்த வீடுகளில் எல்லாம் பூட்டும் புல்லும்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்த செல்வியும் தம்பினுக்குப் போன பிறகு, பள்ளிக்கூட வேனில் தோட்டத்திலிருந்து ஏறுகிற ஒரே ஆள் நான்தான். அவள் விட்டுவிட்டுப் போன கேரம் பலகையில் நானே ஒரு பக்கம் உட்கார்ந்து அடித்துவிட்டு, எழுந்து சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அடிப்பேன். எதிராளி அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று அவளோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

ஆள் போன இடத்துக்குப் பிராணிகள் தைரியமாக வரும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பூட்டிய வீட்டின் சமையலறைச் சந்து வழியாக உடும்பு ஒன்று வாடகை கொடுக்கிறவனைப் போல நிதானமாகப் போய் வரும். பாடாங்கின் ஓரத்தில், அதாவது ஒரு காலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிய திடலின் ஓரத்தில், ஒருநாள் எறும்பு தின்னும் அழுங்கு ஒன்றைப் பார்த்தேன். வாலின் மேல் குட்டியைக் குப்புறப் படுக்கவைத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போனது. அழுங்குக்குப் பல்லே கிடையாது என்பதும், அதன் நாக்கின் வேர் வாயில் இல்லை, நெஞ்செலும்புக்கும் கீழே வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் பின்னாளில் நான் டீச்சரான பிறகு தெரிந்துகொண்டவை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இப்படி ஏதாவது சொல்லாவிட்டால் என் மாணவர்கள் என்னை வீட்டுக்கு விடமாட்டார்கள். "டீச்சர், இன்னிக்கி என்னா விசித்திரம்?" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்பார்கள். காட்டுப் பன்றியைவிடப் பெரிதான தாபிர் குட்டி போடும்போது குட்டி தர்பூசணிப் பழம் மாதிரி கோடும் புள்ளியுமாகப் பிறக்கும் என்றால், கடைசி வரிசை வரை சிரிப்பு வரும். ஆந்தையைப் பற்றி மட்டும் அவர்களிடம் நான் அதிகம் சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்தில் எலித்தொல்லை அதிகம். பழுத்த பழத்தை எலி கடித்து நாசமாக்கும். அதனால் நிர்வாகத்தில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மரப்பலகையில் பெட்டி செய்து, கம்பம் நட்டு, அதன் உச்சியில் வைத்துவிட்டால் ஆந்தை தானாக வந்து குடியேறும், எலியைப் பிடித்துத் தின்னும், மருந்துச் செலவு மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆந்தைக்குப் புத்தகத்தில் கூகை என்று பெயர். மலாய்க்காரர்கள் எல்லா ஆந்தைகளையும் 'பூரோங் ஹந்து' என்பார்கள், அதாவது பேய்க்குருவி. எங்கள் லயத்திலோ அதன் பெயர் 'சாக்குருவி'. பெயரிலேயே சாவை வைத்துக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு, லயத்தின் கோடியில், பாடாங்கை ஒட்டி, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தால் கண்ணில் படும் இடத்தில் பெட்டி வைத்தார்கள். ராசம்மா பெரியம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மனுசனுக்கு ஒழுகாத வீடு குடுக்க மாட்டானுங்க, சாக்குருவிக்கு மாளிகை கட்டிக் குடுக்குறானுங்க" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அவர் கணவரை விட்டால், பார்ப்பதற்கு நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

அந்த வருட மழைக்காலத்தில் அம்மாவுக்கு இழுப்பு முற்றியது. அம்மா தீம்பாரில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள்; அப்பா குலை வெட்டுகிறவர். நீளமான அலுமினியக் கம்பின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடியே உயரத்திலிருக்கும் குலையை அப்பா அறுத்துத் தள்ள, கீழே சிதறும் பழங்களை அம்மா பொறுக்கிச் சாக்கில் போடுவாள். குனிந்து நிமிரும் வேலை அவளுக்கு ஆகவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் அந்த வெள்ளைப் பறவை கிறீச்சிட்டுக்கொண்டே எங்கள் கூரைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தது. மறுநாள் அம்மாவைக் கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அம்மா சத்தமில்லாமல் வந்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள், ஊர் மாறிப் போன பழைய லயத்துக்காரர்கள், வாசலில் உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள்: "சாக்குருவி வந்து கூப்புட்டுக்கிட்டுப் போயிருச்சி." பெரியவர்கள் பேச்சுக்குச் சொல்வதைச் சிறு பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் நம்பிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. கூப்பிட்டுக்கொண்டு போனது என்றால் எங்கே போனது என்று நான் யோசித்தேன். அம்மா மரியாதை தெரிந்தவள், யாராவது வந்து கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள், போயிருப்பாள். ஆனால் போனவள் எங்கே இருப்பாள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி யாரும் என்னோடு உட்காரவும் இல்லை.

அதன் பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. அப்பா முன்பும் அதிகம் பேசாதவர். இப்போது அதுவும் நின்றது. வேலை முடிந்து வந்து கம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தால், இருட்டும் வரைக்கும் அசையமாட்டார். கடையில் வாங்கி வந்த பொட்டலத்தை எனக்கு முன்னால் பிரித்து வைப்பார், அவர் தின்றாரா இல்லையா என்பது தெரியாது. படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. அமைதியான இடத்தில் நன்றாகத் தூக்கம் வரும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வரும்.

சில வாரம் போயிருக்கும். ஒருநாள் மழை விட்ட சாயங்காலம் பாடாங்கில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். பெட்டிப் பக்கத்திலிருந்து 'ஸ்ஸ்ர்ர்' என்று இழுத்தது. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடியும் இழுத்தது.

எனக்குப் பயமே வரவில்லை. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அட, இங்கேதான் இருக்கிறாளா என்றுதான் தோன்றியது. சாக்குருவி கூப்பிட்டது, அம்மா போனாள், சாக்குருவியின் வீட்டில் இருக்கிறாள், மழை பெய்ததால் இழுப்பு கூடிவிட்டது. கணக்கு சரியாக வந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்தேன். சொன்னால் ராசம்மா பெரியம்மா ஏதாவது செய்துவிடுவார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கம்பத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். வேனில் யார் யார் என்ன பேசினார்கள், மலாய்ப் பாடத்தில் எத்தனை தப்பு, கேரமில் நான் எப்படித் தோற்றேன் என்று எல்லாவற்றையும் சொல்வேன். மேலேயிருந்து இழுப்பு பதிலுக்கு வரும். நான் பேச்சை நிறுத்தினால் சில சமயம் அதுவும் நிற்கும், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வேன். கம்பத்தைச் சுற்றித் தரையில் கறுப்பும் சாம்பலுமாக உருண்டைகள் கிடக்கும். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே மயிர், மெல்லிய எலும்பு, நீளமான மஞ்சள் முன்பற்கள் இரண்டோடு ஒரு குட்டி மண்டை. எலி. ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய் வழியாகக் கக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு இந்தப் பறவை எலிக்கறி போடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வெள்ளிக்கிழமையில் அம்மா முட்டைகூடத் தொடமாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை, வீட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் இல்லை. யார் தின்றார்களோ, நான் அதைப் பற்றி நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அப்பா வந்தார். கையில் குலை வெட்டும் கம்பு. பின்னாலேயே ராசம்மா பெரியம்மா.

"தட்டி வுட்ருங்க தம்பி. ஒரு உசுரு போனது போதும்" என்றார் பெரியம்மா.

அப்பா கம்பை உயர்த்தினார். எவ்வளவோ உயரத்திலிருக்கும் குலையை ஒரே இழுப்பில் அறுக்கிறவருக்கு அந்தப் பெட்டி ஒரு பொருட்டே இல்லை. நான் ஓடிப்போய்க் கம்பின் அடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்காதீங்கப்பா. அம்மா உள்ள இருக்காங்க."

"என்னா சொல்ற பாப்பா?"

"மூச்சு வாங்குறாங்கல்ல. ஒங்களுக்குக் கேக்கலயா?"

பெரியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்பா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கம்பைக் கீழே இறக்கினார், அதைத் தரையில் கிடத்தினார், அப்புறம் அவரும் அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். மேலே இழுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

"கேக்குது பாப்பா" என்றார். "எனக்கும் அப்படித்தான் கேக்குது. தெனமும் வாசல்ல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தாங்க முடியல. அதான் ஒடைக்க வந்தேன்."

அம்மா போன பிறகு அப்பா என்னோடு அத்தனை வார்த்தை பேசியது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஸ்டோர் பக்கம் போனார். ஏணியோடு திரும்பி வந்து கம்பத்தில் சாய்த்தார். "வெளிச்சம் இருக்கும்போதே பாத்துரு" என்றார். நான் முன்னால் ஏற, இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே அவரும் ஏறினார். அம்மா என்னைப் பார்த்து என்ன சொல்வாள், தலைகூட வாராமல் வந்திருக்கிறேனே என்றெல்லாம் நினைத்தேன்.

பெட்டி வாயில் முகத்தை வைத்ததும் முதலில் நாற்றம்தான் அடித்தது. பிறகு கண் பழகியது. மூலையில் பஞ்சு உருண்டைகளாகக் குஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்று பெரிசு, அடுத்தது அதைவிடச் சிறிசு, அதற்கடுத்தது இன்னும் சிறிசு, கடைசியாக ஒன்று கோழிக்குஞ்சு அளவுக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுப்பகுதி குழிந்த வெள்ளை முகம். என்னைப் பார்த்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன. அந்த வாய்களுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது.

"இருக்காங்களா?" என்று அப்பா என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இல்லப்பா. குருவிதான்."

"அம்மா?"

"அம்மா இல்லப்பா."

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதும், தூக்கிக்கொண்டு போனபோதும், பெரியவர்கள் சொல்லி அழுதபோதும் அம்மா எனக்குச் சாகவில்லை. அந்த ஏணியில் நின்று என் வாயால் சொன்னபோதுதான் செத்தாள். ஓவென்று அழுதேன். அப்பா என்னை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே படிப்படியாக இறங்கினார். என் பின்னங்கழுத்து நனைந்தது, மழை பெய்யவில்லை.

"பசிக்குதுலா அதுங்களுக்கு. அதான் அப்படிக் கத்துது" என்றார் இறங்கிய பிறகு. ராசம்மா பெரியம்மா மறுபடியும் சாக்குருவி என்று தொடங்கினார். "அது யாரயும் கூப்புடலக்கா. அதோட புள்ளைங்க சோத்துக்கு அழுவுது, வுடுங்க" என்று சொல்லிவிட்டு, கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தார். அன்று அப்பாவே அடுப்பு மூட்டினார். டின்னில் இருந்த சாடின் மீனை உடைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சமைத்தார். உப்பு கூடிப்போயிருந்தது. ஒரே தட்டில் பிசைந்து இரண்டு பேரும் தின்றோம்.

கூகையைப் பற்றி அதன் பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன். அதன் காதுகள் சமமாக இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால்தான் கும்மிருட்டிலும் எலி எங்கே நகர்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே துல்லியமாகப் பிடிக்கிறது. குழிந்த முகம் சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பும் ஒரு தட்டு. கண்ணை உருட்ட அதனால் முடியாது, பார்க்க வேண்டுமானால் தலையைத்தான் திருப்ப வேண்டும். எங்கள் கூரை மேல் அது கத்திக்கொண்டு பறந்தது ஜோடி சேர்ந்து கூடு வைக்கிற நேரம் என்பதால்தான். எங்களுக்குச் சாவுச் செய்தி, அதற்குக் கல்யாண ஊர்வலம். எல்லாவற்றையும்விட என்னை அசரவைத்தது ஒன்று. கூட்டில் இருக்கும் மூத்த குஞ்சு, தனக்குக் கிடைத்த இரையைத் தான் தின்னாமல் கடைக்குட்டிக்குக் கொடுப்பதும் உண்டாம். பறவைகளில் இது அபூர்வம். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத எனக்கு அதைப் படித்த அன்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

குஞ்சுகள் வளர்ந்து பறந்துபோனதும் சத்தம் நின்றது. அது அம்மா இல்லை என்று தெரிந்த பிறகும் நான் சாயங்காலத்தில் கம்பத்தடிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பேசுவதற்கு மட்டும் வாய் வரவில்லை. மறு வருடம் அப்பாவுக்குப் பாரோய் பக்கத்தில் 'ஜாகா' வேலை கிடைத்தது; ஒரு தொழிற்சாலை வாசலில் காவல். எங்கள் சட்டி பானையும் லோரியில் ஏறியது. கேரம் பலகையை நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்பாவும் போய்விட்டார். பாரோய் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். காற்றாடியை முழு வேகத்தில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது, அதுவும் பழசானதால் கொஞ்சம் இழுக்கிறது, பழுதுபார்க்க ஆளைக் கூப்பிடாமல் வைத்திருக்கிறேன்.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயம் இருந்த இடத்தை மட்டமாக்கிப் புதுச் செம்பனை நட்டிருக்கிறார்கள், என் இடுப்பளவு உயரம். பாடாங் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பமும் இல்லை, பெட்டியும் இல்லை. சாயங்காலம் வரை நின்று பார்த்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த எந்தச் சத்தமும் அங்கே மிச்சமில்லை. ராசம்மா பெரியம்மா எங்கே இருக்கிறார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

திரும்பும் வழியில் கோலா பிலாவில் தேத்தண்ணி குடிக்க இறங்கினேன். எதிரே சன்னல்களை எல்லாம் அடைத்துப் பூசிய ஒரு பழைய கடைவீடு. மேல்மாடியிலிருந்து நூறு குருவி கத்துகிற மாதிரி இரைச்சல். அங்கே கத்தியது குருவி இல்லை, ஒலிபெருக்கி. 'வாலிட்' என்கிற உழவாரக் குருவி தன் எச்சிலாலேயே கூடு கட்டும், அந்தக் கூட்டுக்கு நல்ல விலை. அதனால் ஆளில்லாத வீட்டை இருட்டாக்கி, பதிவுசெய்த குருவிச் சத்தத்தை உள்ளே ஓடவிடுகிறார்கள். வானத்தில் போகிற குருவி, நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே நுழையும். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாக வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சின்ன ஓட்டைக்குள் போய்க்கொண்டே இருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை அதைத்தான் வகுப்பில் சொன்னேன். முதல் வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி, அதிகம் பேசாதவள், கையைத் தூக்கினாள்.

"டீச்சர், உள்ள போயிப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்கல்ல? அப்பறம் அது திரும்பி வந்துருமா?"

"வராதும்மா" என்றேன். "அங்கேயே உக்காந்துக்கும். சத்தம் இருந்தா போதும் அதுக்கு."

இத்தனை வருடத்தில் நான் அவர்களுக்குச் சொன்ன விசித்திரங்களில், புத்தகம் எதையும் பார்க்காமல் சொன்னது இது ஒன்றுதான்.